நாலு லட்சத்து எழுபத்தாறாயிரத்து நூற்று நாற்பத்தேழு

1

இந்தக் கதை எனக்கு ஓர் இரும்புப் பெட்டிக்குள் கிடைத்தது. புதையல் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளங்கையில் அடங்குகிற நம்பரிங் பெட்டி. பில் புத்தகத்திலும் ரசீதிலும் வரிசை எண் அடிக்க அச்சாபீஸில் வைத்திருப்பது. உள்ளே ஆறு சக்கரம், ஒவ்வொன்றிலும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை. ஒரு தடவை அழுத்தினால் ஓர் எண் விழும். விழுந்த கையோடு பெட்டி அடுத்த எண்ணுக்குத் தானாக நகர்ந்து நிற்கும்.

சிவகாசியில் முப்பத்தெட்டு வருடம் அந்தப் பெட்டியோடு குடும்பம் நடத்தினேன். லாட்டரிச் சீட்டு ஓடிய காலத்தில் நான் அடித்த எண்களை வரிசையாக அடுக்கினால் நிலா வரை போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். நான் ஓய்வு பெற்ற அன்று துக்கம் தாங்காமல் கம்பெனியே நின்றுபோனது. (கரண்ட் போயிருந்தது. அரை மணி நேரம்.)

நான் எதையும் இப்படிக் கூட்டித்தான் சொல்வேன். வீட்டில் இதற்காகவே என்னைக் கல்யாணப் பேச்சுக்கு அழைத்துப் போவதில்லை. முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், கடைசியில் இது உங்களுக்குத் தேவைப்படும்.

போன ஆடியில் ஒரு நாள் நிஜாமைப் பார்க்கப் போனேன். நான் வேலை பார்த்த அச்சாபீஸுக்கு இப்போது அவர்தான் முதலாளி.

"வாங்க அண்ணாச்சி, இந்தக் கூத்தப் பாருங்க," என்று ஒரு தாளை நீட்டினார். "புது மிட்டாய்க்கடை. நாளைக்குத்தான் தொறக்காக. அவுகளுக்குப் பில் புக்கு. மொத பில்லே நாலு லட்சத்து எழுபத்தாறாயிரத்து நூத்தி நாப்பத்தேழுன்னு விழுது. கடை தொறக்குமுன்ன அம்புட்டு அல்வா வித்துட்டாகளாக்கும்."

சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். சக்கரங்கள் ஓடி ஓடி அந்த எண்ணுக்கு வந்து சேரவில்லை. யாரோ ஊசிமுனையால் ஒவ்வொன்றாக நகர்த்தி அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். ஆறிலும் புதுக் கீறல்.

"யாரு வச்சது?"

நிஜாம் உள்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"நம்ம நம்பர் அடிக்கிற பிள்ள, பொன்மணிதான். அதோட தங்கச்சி விசயம் உங்களுக்குத் தெரியும்ல. ஏன் வச்சேன்னு கேக்க எனக்கு வாய் வரல அண்ணாச்சி. விழுந்ததுக்கு ஒரு எண் பின்னால தள்ளி, அது வச்சபடியே இந்தப் பெட்டிய வச்சுட்டு வேற ஒண்ணு வாங்கிட்டேன்."

2

மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: 'வெடிச்சத்தம் கேட்டபோது பொன்மணி ரசீதுப் புத்தகம் தைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம்'

நிறுத்திவிட்டேன். எங்கள் பக்கத்துக் கதை எல்லாம் ஜன்னல் கண்ணாடியில்தான் ஆரம்பிக்கிறது. தவிர, அந்தச் சத்தம் அச்சாபீஸுக்குக் கேட்கவே இல்லை. நடுவில் பதினான்கு கிலோமீட்டர். மெஷின் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது: 'பொன்மணியின் தங்கை ஓவியாவுக்கு வயது பத்தொன்பது. அவள் சிரித்தால் ஆலங்குளம் சிமெண்ட் பாக்டரிச் சங்கே வாயை மூடிக்கொண்டு'

இதுவும் வேண்டாம். அவள் எப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது. நான் அவளைப் பார்த்ததே இல்லை. பார்க்காதவளுடைய சிரிப்பைப் பெருக்குவதற்கு எனக்கே கூச்சமாக இருந்தது.

மூன்றாவது, காகிதக் குழாயில் ஆரம்பிப்பது. வெறும் குழாய். உள்ளே மருந்து இல்லை, வெடிக்காது. இங்கிருந்து போகலாம்.

3

பொன்மணியும் ஓவியாவும் பிறந்த ஊரில், அவர்கள் தெருவில், ஒன்பது வீட்டுப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே குழாய் அடுக்குகிறார்கள். விரல் மொத்தக் காகிதக் குழாய். நடுவில் ஒரு குழாயை நிறுத்த வேண்டும். அதைச் சுற்றி ஆறு. அந்த ஆறைச் சுற்றிப் பன்னிரண்டு. அடுத்துப் பதினெட்டு. இப்படி ஒன்பது சுற்று. தேன்கூடு மாதிரி ஆறு பக்கம், பக்கத்துக்குப் பத்துக் குழாய். வெளியே இறுக்கிக் கட்டினால் அதற்கு வளையம் என்று பெயர். பட்டாசு ஆலைக்குப் போய் மருந்தால் நிரம்ப வேண்டியது.

ஒரு வளையத்தில் 271 குழாய்.

இந்த இடத்தில் கதையை ஓரமாக நிறுத்திவிட்டு நான் கொஞ்சம் ஆடிக்கொள்ள அனுமதி வேண்டும். குழாயை அடுக்க அடுக்கக் கிடைக்கும் எண்களைப் பாருங்கள்: 1, 7, 19, 37, 61. இப்போது இவற்றை வரிசையாகக் கூட்டுங்கள். 1-உடன் 7 சேர்ந்தால் 8, இரண்டின் கனம். அதோடு 19 சேர்ந்தால் 27, மூன்றின் கனம். 37 சேர்ந்தால் 64, நாலின் கனம். எவ்வளவு தூரம் போனாலும் இது தவறாது. தட்டையாகத் தரையில் கிடக்கும் வளையங்களை ஒன்றன் மேல் ஒன்றாகக் கூட்டினால் கனசதுரம் எழுந்து நிற்கிறது. இதைப் பார்த்த பிறகு மூன்று நாள் எனக்குத் தூக்கமில்லை. (மத்தியானத் தூக்கம்.)

இன்னொன்று. 271 ஒரு பகா எண். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது. ஏதாவது ஒரு பெரிய எண்ணுக்குள் அது பதுங்கியிருந்தால், வகுத்துப் பார்த்த மாத்திரத்தில் இங்கே வளையம் இருந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். கால்தடம் மாதிரி.

ஒன்பது வீட்டு வளையமும் கடைசியில் வந்து சேர்வது பொன்மணியின் அம்மா மாரித்தாய் வீட்டுக்கு. அவள் அதை இருபத்து நாலு இருபத்து நாலாக அட்டைப் பெட்டியில் கட்டுவாள். ஆலையில் ஓர் ஆளின் ஒரு நாள் வேலைக்கு ஒரு பெட்டி. காலையில் வண்டி வந்து ஏற்றிப் போகும். மாரித்தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும். அவள் கட்டிய பெட்டியில் ஒரு வளையம் குறைந்தது என்று இதுவரை யாரும் வந்து நின்றதில்லை.

4

இனிமேல் சிரிப்பு கொஞ்சம் குறையும்.

ஆலையின் பெயர் வேண்டாம். அதில் ஓர் அறை, மேல்வாடகைக்கு ஒரு காண்ட்ராக்டரிடம் விடப்பட்டிருந்தது. பத்துக்குப் பத்து. வாசலில் 'நான்கு நபர்கள் மட்டும்' என்று பலகை. உள்ளே வேலைக்கு ஒரு முறை உண்டு. அதுதான் இந்தக் கதையின் அச்சாணி, கவனமாகப் படியுங்கள். ஆளுக்கு ஒரு வளையம் நிரப்பும் அளவு மருந்தைத்தான் ஒரு நேரத்தில் கொடுப்பார்கள். எல்லோரும் முடித்த பிறகுதான் அடுத்த அளவு வரும். அறையில் மருந்து குவிந்து கிடக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. இதைச் சுற்று என்பார்கள். கை வேகமானவள் முந்த முடியாது. மெதுவானவளுக்காக மற்றவர்கள் கையைக் கட்டிக் காத்திருப்பார்கள். ஒரு நாளைக்கு இருபத்து நாலு சுற்று. ஆர்டர் ஆரம்பித்துவிட்டால் முடியும்வரை, ஞாயிறு தவிர, யாருக்கும் லீவு கிடையாது. ஓர் ஆள் குறைந்தாலும் அன்று அறை திறக்காது.

ஆக, எந்தச் சுற்று முடிந்ததும் எட்டிப் பார்த்தாலும் அந்த அறையில் எல்லோரும் ஒரே எண்ணிக்கைதான் முடித்திருப்பார்கள். ஒரு வளையம் கூடவும் இராது, குறையவும் இராது. உலகத்தில் இத்தனை சமத்துவமான இடத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

புது ஆர்டர் ஆரம்பித்துப் பத்து நாள் முடிந்து, பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நீங்களே செய்தியில் பார்த்திருப்பீர்கள். இது இல்லாவிட்டால் இதே மாதிரி இன்னொன்று.)

எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்று கேட்டபோது, அறைக்குக் கணக்குப் பார்க்கும் சங்கிலிமுத்து ஆறு பேர் என்று ஒத்துக்கொண்டார். ஆறு குடும்பங்கள் வந்து வாசலில் நின்றன, நாலு என்று சொல்ல வழியில்லை. கிடைத்ததை ஆறாகப் பங்கிட்டு, ஆறு வெள்ளைத் துணியில் கட்டிக் கொடுத்தார்கள். மீதி வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

(இந்தப் பத்தியில் நான் எதையும் கூட்டவில்லை.)

அன்றைக்கு ஓவியாவும் வீடு திரும்பவில்லை. அதே வெள்ளிக்கிழமைதான் காரியாபட்டி முனியராஜ் ஊரை விட்டுப் போனான். குட்டி லாரி ஓட்டுகிறவன். ஓவியாவோடு நாலு தடவை பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொண்டு நின்றவன். திருப்பூர் என்றார்கள். போன் அணைந்து கிடந்தது. ஓவியாவின் போனோ ஒரு வாரமாக ரிப்பேர் கடையில். இரண்டையும் கூட்டிப் பார்க்க ஊருக்கு அச்சாபீஸ் தேவையில்லை. போதாததற்கு மாரித்தாயே தெருவில் நின்று சொன்னாள்: "அவ பட்டாசுக்கெல்லாம் போகல. அந்த வண்டிக்காரன்கூட ஓடிட்டா. எனக்குப் பிள்ளையே ஒண்ணுதான்னு நெனச்சுக்கிறேன்."

கல்யாணமாகி சிவகாசியிலேயே இருந்த பொன்மணிக்கு ஒரே ஒரு சங்கதி உறுத்தியது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஓவியா அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். சோற்றைப் பிசையும்போது பார்த்தால் நகக்கண்ணிலிருந்து முழங்கை வரை வெள்ளி மினுங்கியது. மருந்தில் சேரும் அலுமினியப் பொடி. ஏழு தண்ணி ஊற்றினாலும் போகாது.

"என்னடி கையி?"

"ஜிகினாக்கா. கல்யாண வீட்ல ஒட்டுனோம்."

"யாரு கல்யாணம்?"

"ஒனக்குத் தெரியாதவுக. கொளம்ப ஊத்து."

பொன்மணிக்கு வேண்டியது ஒன்றுதான். தங்கை அந்த அறையில் இருந்தாளா, இல்லையா? இருந்தாள் என்றால் உட்கார்ந்து அழ வேண்டும். இல்லை என்றால் எழுந்து தேட வேண்டும். இரண்டில் எதையும் செய்ய முடியாமல் அவள் தினமும் வேலைக்கு வந்து பில் புத்தகங்களுக்கு எண் அடித்துக்கொண்டிருந்தாள். (நிவாரணத் தொகை எவ்வளவு என்று கேட்கிறவர்கள் இந்தக் கதையில் யாருமில்லை. பொன்மணி ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.)

5

சங்கிலிமுத்துவை அவள் டீக்கடை பெஞ்சில் பிடித்தாள்.

இவரை வில்லனாக்க நிறைய முயன்றேன். மீசையைப் பெரிதாக்கினேன், கழுத்தில் சங்கிலி போட்டேன், தொப்பையைக் கூட்டினேன். எதுவும் நிற்கவில்லை. அவர் ஒல்லியான, பயந்துபோன மனிதர். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் குடித்தார்.

"அண்ணே, ஒரே ஒரு வார்த்த. என் தங்கச்சி ஒங்க ரூம்ல இருந்தாளா?"

"ஏத்தா, எத்தன தடவ கேப்ப? ஆறு பேரு. பேரு சொல்லட்டா?"

"அவ பேரச் சொல்லுங்க."

"இல்லாத பேர எப்படித்தா சொல்றது?"

"அவ கைல வெள்ளி ஒட்டியிருந்துச்சுண்ணே."

"இந்த ஊர்ல யாரு கைல வெள்ளி இல்ல? எங்க வீட்டுப் பூன கூட மினுங்குது."

பெஞ்சில் இருந்த ஒருவர் சிரித்தார். பொன்மணி நகரவில்லை. சங்கிலிமுத்து டம்ளரை வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே போனை எடுத்தார்.

"எல்லாரும் என்னையவே வந்து நோண்டுறீக. நான் அங்கன இருந்தா நானுந்தான் துணிக்குள்ள கெடப்பேன். இந்தா கேளு. பன்னெண்டு நாப்பதுக்கு, இதே பெஞ்சுல உக்காந்து, காண்ட்ராக்டருக்குப் போட்ட வாய்ஸு. பின்னால டீ ஆத்துற சத்தம் கேக்குதா? ஆத்தா சத்தியமா நான் இங்கனதான் இருந்தேன்."

போனிலிருந்து அவர் குரலே வந்தது, இப்போதைவிட இருபது வயது குறைந்த மாதிரி:

"அண்ணாச்சி, இந்த ஆர்டர்ல இப்ப முடிஞ்ச சுத்து வரைக்கும் நாலு லட்சத்து எழுபத்தாறாயிரத்து நூத்தி நாப்பத்தேழு குழா முடிஞ்சிருக்கு. ஒரு டீயக் குடிச்சிட்டு உள்ள போறேன்."

"இன்னொரு தடவ போடுங்கண்ணே."

"எதுக்கு?"

"டீ ஆத்துற சத்தம் சரியாக் கேக்கல."

அவர் மறுபடியும் போட்டார். பிறகு, அவள் கேட்காமலே, மூன்றாவது தடவையும் போட்டார். தான் அங்கே இல்லை என்பதை அவரும் கேட்க வேண்டியிருந்தது.

6

சங்கிலிமுத்து ஆட்களை மறைக்கலாம். அவர்கள் நிரப்பிய குழாயை மறைக்க முடியாது. காண்ட்ராக்டருக்கு வேண்டியது குழாய். அதை ஒன்று விடாமல் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பொன்மணி கணக்கில் டிகிரி வாங்கியவள். அதற்குக் கிடைத்த வேலை பில் புத்தகம். அச்சாபீஸில் வெட்டித் தள்ளிய கழிவுத் தாளில் 476147 என்று எழுதி, 271-ஆல் வகுக்கத் தொடங்கினாள். குழாய் அடுக்கும் அந்தத் தெருவில் பிறந்த பிள்ளை. வளையத்தின் எண்ணிக்கையை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வோர் இலக்கமாக இறக்கிக்கொண்டே போனாள். 1. 7. 5. கடைசியில் 1897 நின்றது. 271-ஐ ஏழு தடவை போட்டால் அதே 1897.

மீதியில்லை.

விடை 1757. அந்த அறை அந்த ஆர்டரில் முடித்த மொத்த வளையங்கள்.*

எல்லோரும் சமமாக முடித்திருப்பதால் 1757 என்பது ஆட்களின் எண்ணிக்கையை ஆளுக்கு இத்தனை வளையம் என்பதால் பெருக்கியது. ஆக, எத்தனை பேர் இருந்தார்களோ அந்த எண்ணால் 1757 மீதியின்றி வகுபட்டாக வேண்டும். நாலு? ஒற்றைப்படை எண் நாலால் போகாது. வாசல் பலகை விழுந்தது. ஆறு? ஆறை இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு தடவை போட்டால் 1752. மீதி ஐந்து. சங்கிலிமுத்துவின் வாக்கும் விழுந்தது.

அடுத்த எண்ணை நான் எழுத வேண்டுமா?

பொன்மணியும் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தாள். பக்கத்தில் மிட்டாய்க்கடைக்காகப் பூஜ்யத்தில் தயாராக இருந்த பெட்டியை எடுத்து, ஊசியால் ஒவ்வொரு சக்கரமாக நகர்த்தினாள். அது ஏன் என்று அவளை ஒருநாள் கேட்டேன். "தாள்னா காத்துல போயிரும் மாமா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். (இந்தக் கதை முழுவதற்கும் அவள் என்னிடம் பேசியது பத்து வாக்கியத்துக்குள். மீதம் நிஜாம் சொன்னது கொஞ்சம், டீக்கடை சொன்னது கொஞ்சம், நான் கூட்டியது மிச்சம்.)

_________
* நடுக்குழாயில் மருந்து போடாமல் விடுவதும் உண்டே, அப்படியானால் வளையத்துக்கு 270 தானே என்று ஒரு நண்பர் மடக்கினார். 270-ஆல் வகுபடும் எந்த எண்ணும் பூஜ்யத்தில் முடியும். நம்முடையது 7-இல் முடிகிறது. நடுக்குழாய் இருந்தது.

7

உங்களுக்கு இப்போது ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் நான் எழுதியது வீண். கதை என்னுடையது, எண்ணையும் நான்தானே தேர்ந்தெடுத்திருப்பேன்? மேஜையில் உட்கார்ந்து எனக்கு வசதியான பகா எண்களைப் பெருக்கிவிட்டு, அதைச் சங்கிலிமுத்து வாயில் திணித்திருக்கலாம் அல்லவா?

செய்யக்கூடியவன்தான். ஆனால் அப்படித் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் ஆறால் வகுபடும் எண்ணைத்தான் எடுத்திருப்பேன். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அறையில் ஆறு பேர் என்றால் ஓவியா அங்கே இல்லை. எங்கோ இருக்கிறாள். திருப்பூரில் ஒரு வாடகை அறையில் அடுப்புப் பற்றவைக்கத் தெரியாமல் முனியராஜோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். ஊர் காறித் துப்பும், துப்பட்டும்.

அந்த முடிவை எழுதியும் பார்த்தேன்: 'மூன்றாம் மாதம் ஒரு பகல் பதினோரு மணிக்குப் பொன்மணியின் போன் ஒலித்தது. தெரியாத நம்பர். எடுத்தாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். பிறகு, "யக்கா"'

இதற்கு மேல் என் பேனா ஓடவில்லை. கதையில் பொன்மணியின் போன் என் கையில்தான் இருக்கிறது. நான் எழுதினால் அது ஒலிக்கும். இருந்தும் அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகு அதை ஒலிக்கச் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை.

பதிலாக, பொன்மணியை விபத்தை விசாரிக்கிற அரசாங்க ஆபீஸுக்கு அனுப்பினேன். சூலக்கரையில் இறங்கி, வெயிலில் நடந்து, கழிவுத் தாளை ஒரு குமாஸ்தா முன்னால் வைத்தாள். இவரையும் கெட்டவராக்க முடியவில்லை. நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். தாளை வாங்கித் தானே ஒரு தடவை வகுத்துப் பார்த்தார்.

"கணக்கு சரிதாம்மா. ஆனா நம்பர்ல பேரு இல்லியே. பேரில்லாம நான் என்னத்த எழுத?"

"ஆறு பேர் இல்லைன்னு தெரியுதுல்ல சார்?"

"தெரியுது. ஏழுல போகுதான்னு பாத்தீகளா?"

பொன்மணி தண்ணீர் டம்ளரைத் தாளிலிருந்து தள்ளி வைத்தாள்.

"போனாலும் அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது பாத்துக்கோங்க. சும்மாவே ஏழு நம்பருக்கு ஒரு நம்பரு ஏழுல போகும். கூட ஒரு ஆளு சாட்சி வேணும்." அவர் பேனாவைத் திறந்தார். "இப்பவே போட்டுப் பாத்துருவோமா?"

அவள் சட்டென்று தாளை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் சார். வீட்ல கேட்டுட்டு வாறேன்."

கணக்குப் போட வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்ற ஆளை அந்தக் குமாஸ்தா தன் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார்.

8

மாரித்தாய் வாசல் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து குழாய் அடுக்கிக்கொண்டிருந்தாள். வேறு கம்பெனிக் குழாய். சீசன் யாருக்காகவும் நிற்பதில்லை.

"சாப்ட்டியா?"

"யம்மா, ஒண்ணு கேக்கணும்."

"சாப்ட்டுட்டுக் கேளு."

பொன்மணி தாளைத் தரையில் விரித்து, பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் குழாய்க் கட்டை வைத்தாள். மாரித்தாய் தாளைப் பார்க்கவில்லை.

"மொத்தம் ஆயிரத்தி எழுநூத்தி அம்பத்தேழு வளையம்மா. ஆறு பேருன்னா சரியா வரல. அஞ்சு மீதி நிக்குது."

"நின்னா நிக்கட்டும்."

"ஏழுல போட்டுப் பாக்கணும்."

"போடாத."

"ஏம்மா?"

"ஆறுலயே நிறுத்து. அந்த மீதிய எங்கிட்ட குடுத்துரு. நான் வச்சுக்கிறேன்."

கொட்டகைத் தகரம் வெயிலில் நெட்டி முறித்தது. எதிர்வீட்டு ரேடியோ எதையோ விற்றுக்கொண்டிருந்தது.

"ஊரு அவள என்ன பேசுதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"நாந்தானடி மொதல்ல பேசுனேன். எனக்குத் தெரியாதா?"

"பெத்த பிள்ளைய நீயே இப்படிப் பேசலாமா?"

"ஓடுனவ ஒரு நா திரும்பி வருவா." மாரித்தாயின் கை நிற்கவில்லை. "கைல பிள்ளையத் தூக்கிட்டு வருவா. என்னைய ரெண்டு ஏச்சு ஏசுவா. நான் வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு ரெண்டு நாளு வீம்பா இருப்பேன். நீ வந்து சமாதானம் பேசுவ. அதுக்கெல்லாம் இப்ப எடம் கெடக்கு. நீ கணக்கப் போட்டு அத அடச்சிராத."

இந்த இடத்தில் நாலு நாள் கதை நின்றது. பிறகு, ஒரு மத்தியானம், பொன்மணி கேட்க வேண்டிய கேள்வி எனக்கும் கேட்டது.

"யம்மா. அந்த ஆர்டருக்கு நீ ஒரு நாளைக்கு எத்தன பெட்டி கட்டுன?"

மாரித்தாய் நின்றாள். கை நின்றதைத்தான் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு பெட்டி. அவள் கையால் கட்டி, அவள் கையால் வண்டியில் ஏற்றியது.

"பழைய ஆர்டருக்கு எத்தன?"

"ஆறு."

"புதுசுக்கு?"

"நான் எண்ணல."

"நீ எண்ணாம ஒரு பெட்டிகூடக் கட்டுனதில்லயே."

"எண்ணலங்கிறேன்ல."

அவள் புது வளையம் ஒன்று தொடங்கினாள். கை பழக்கத்தில் ஆறு குழாயைச் சுற்றி நிறுத்தியது. நடுவில் வைக்க வேண்டியதை வைக்கவில்லை. ஆறும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உருண்டன. மாரித்தாய் அவற்றைப் பொறுக்கவில்லை. உருண்டு போனதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரிடமோ சொல்வது போல ஆரம்பித்தாள்:

"அந்த வண்டிக்காரன் கண்ணுல படாம ஒரு மாசம் உள்ளயே இருக்கட்டும்னுதான் நான் சங்கிலிமுத்துகிட்ட"

இந்தக் கதையில் பாதியில் நிற்கிற வாக்கியங்கள் எல்லாம் என்னுடையவை. இது ஒன்று மட்டும் அவளுடையது.

9

பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. நிஜாம் கொடுத்துவிட்டார். கூடவே அந்தக் கழிவுத் தாளும் வந்தது. பொன்மணி இரண்டையும் திரும்பக் கேட்கவில்லை.

சக்கரங்கள் 476147-இல் நிற்கின்றன. மேலே ஒரு பித்தளைக் குமிழ். பெருவிரலால் ஒரே ஒரு அழுத்து. ஒரு குழாய் கூடும். 476148. இந்த எண் ஆறால் மீதியின்றிப் போகும்: 79358. நாலாலும் போகும்: 119037. சங்கிலிமுத்து சொன்னது சரியாகிவிடும், வாசல் பலகை சொன்னதும் சரியாகிவிடும். ஓவியா திருப்பூருக்குப் போய்விடுவாள். 271 மட்டும் ஒத்துக்கொள்ளாது. அதை யார் போய்க் கேட்கப்போகிறார்கள்? நிலா வரை எண் அடுக்கியவன், கரண்ட் போனதைத் துக்கம் என்றவன், ஆயுசு பூராவும் கூட்டிக் கூட்டியே சொன்னவன். எனக்கு ஒரு குழாய் பெரிய காரியமா?

தினமும் காலையில் பெருவிரலை அந்தக் குமிழின் மேல் வைக்கிறேன். எடுத்துவிடுகிறேன்.

தாளில் பொன்மணியின் கையெழுத்தில் கடைசியாக ஒரு கணக்கு பாதியில் நிற்கிறது. அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த பிறகு எழுதியதாக இருக்கலாம். 1757-ஐ ஏழால் வகுத்தல். பதினேழில் ஏழு இரண்டு தடவை, மீதி மூன்று. ஐந்தை இறக்கினால் முப்பத்தைந்து, அதில் ஏழு ஐந்து தடவை, மீதி இல்லை. அதோடு பேனா நின்றுவிட்டது. கடைசி இலக்கமான 7 மேலேயே இருக்கிறது. இறக்கப்படவில்லை.

என்னால் முடியாது. நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 7-ஐ இறக்கினால் ஒரு விடை வரும். அதிலிருந்து பத்து நாளுக்கு, நாளுக்கு இருபத்து நாலு வீதம் கழித்துவிடுங்கள். மிஞ்சுவது, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, கை மெதுவானவள், மற்றவர்கள் பொறுமையாகக் காத்திருக்க, அந்த வெள்ளிக்கிழமை காலையில் முடித்த வளையங்கள். இறக்காமல் விட்டால் அவள் வழி தெரியாத ஏதோ ஒரு தெருவில், கையில் இன்னும் வெள்ளி போகாமல், அம்மாவைத் திட்டிக்கொண்டு இருக்கிறாள்.

தாள் இந்தப் பக்கம். பெட்டி அந்தப் பக்கம். எதிரே மாரித்தாய் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.